ஆழ்மூளை மின்தூண்டல்: நடுக்க நோய்ச் சிகிச்சையின் வரலாறும் கள்ளக்குறிச்சிச் சீமையும்

ஆழ்மூளை மின்தூண்டல் என்பது, மருந்துக்கு அடங்காத நடுக்க நோய்களில், மூளையின் ஆழத்தே உள்ள ஒரு குறிப்பிட்ட கேந்திரத்தில் மெல்லிய மின்முனையைப் பதித்து, காறை எலும்பின் கீழே தோலுக்கடியில் பொருத்தப்படும் சிறு யந்திரத்திலிருந்து இடையறாது மின் துடிப்புகளைச் செலுத்தி, அந்நடுக்கத்தை அடக்கிவைக்கும் ரண சிகிச்சை முறையாகும். மின்முனையின் தடிமன் 1.27 மி.மீ. அளவே, துடிப்புகள் பெரும்பாலும் விநாடிக்கு 130 என்ற வீதத்தில் செல்கின்றன. இச்சிகிச்சை நோயை வேரோடு களைவதன்று. யந்திரத்தை நிறுத்தினால் நடுக்கம் திரும்பிவிடும்.

நடுக்கங்கள் எல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை அல்ல. கள்ளக்குறிச்சிச் சீமையின் கல்வராயன் மலையில் மரவள்ளிக் கொல்லையில் மண்வெட்டி பிடிக்கும்போது ஆடாத கை, மாலையில் திண்ணையில் அமர்ந்து மடிமீது வைத்த மாத்திரத்தில் தானே ஆடத் தொடங்குமாயின், அது பெரும்பாலும் பார்க்கின்சன் நோயின் நடுக்கம். மடிமீது அமைதியாகக் கிடந்த கை, கஞ்சிக் குவளையை வாயருகே கொண்டுபோகும் வேளையில் ஆடிச் சிந்துமாயின், அது காரணம் வேறு புலப்படாமல் பல குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பிறிதொரு நடுக்கம். இரண்டாவதில் தலையும் குரலும்கூட நடுங்குவதுண்டு. இவ்வகை நடுக்கம் சிறிது மது அருந்தினால் சற்று நேரம் தணிவது வைத்தியர்கள் நன்கறிந்த குணம். ஆனால் தணிந்தது மறுநாள் முன்னிலும் மிகுந்து வருவதாலும், ஊரார் கண்ணுக்கு நடுக்கமும் குடியும் ஒன்றையொன்று விளைவிப்பனவாகத் தோன்றுவதாலும், குடியே அறியாத முதியவர் பலர் வீண்பழி சுமந்ததுண்டு. இதற்கு ப்ரோப்ரனலால், ப்ரிமிடோன் என்னும் மருந்துகள் முதலில் தரப்படுகின்றன. அவற்றால் பயன் பெறாதார் தொகை சிறிதன்று.

நம் நாட்டு வைத்தியம் நடுக்க நோயை அறியாதிருக்கவில்லை. ஆயுர்வேதம் கம்பவாதம் என்றும், சித்த வைத்தியம் நடுக்குவாதம் என்றும் இதனை வாத ரோகங்களுள் வைத்து எண்ணின. பூனைக்காலி விதை இதற்குரிய மருந்துகளுள் ஒன்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் புதர்களிலும் வேலிகளிலும் படர்ந்து, பழுப்புநிறச் சுணையால் தொட்டவர் மேனியெல்லாம் அரிப்பெடுக்கச் செய்யும் அக்கொடியின் விதையிலிருந்து, சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர், லெவோடோபா என இன்று வழங்கும் பொருளைப் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டனர். 1913இலேயே ஐரோப்பாவில் அவரையினத்துப் பயறு ஒன்றிலிருந்து அது எடுக்கப்பட்டிருந்தது. எனினும் இருவகை ஆய்வாளரும் தங்கள் கையிலிருந்தது பார்க்கின்சன் நோயின் தலையாய மருந்தென அறியவில்லை. அதை உலகம் உணர்வதற்குப் பின்னும் முப்பதாண்டு சென்றது. விதையில் அப்பொருள் உள்ளது என்பதால் அதை இடித்துத் தின்பது விவேகம் ஆகாது. ஒரு விதையில் இருக்கும் அளவு மறு விதையில் இராது.

மேனாட்டில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் லண்டன் வைத்தியர் தம் பெயரால் இன்று வழங்கும் நோயை 1817இல் விவரித்து எழுதிய பின்னரும், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உருப்படியான சிகிச்சை எதுவும் தோன்றவில்லை. அறுவைச் சிகிச்சைக்கோ, மூளையின் ஆழத்தை அடையவேண்டுமாயின் மேலுள்ள நல்ல பகுதிகளை வெட்டிச் செல்ல வேண்டியிருந்தமையே பெருந்தடை. ஹார்ஸ்லி, கிளார்க் ஆகிய இருவர் விலங்குகளின் மூளைக்கென 1908இல் விவரித்த திசையளவைச் சட்டத்தை, ஸ்பீகலும் வைசிஸும் 1947இல் பிலடெல்பியாவில் மனிதருக்கு ஏற்ப மாற்றியமைத்தனர். தலையிற் பூட்டிய உலோகச் சட்டத்தின் அளவுகளைக் கொண்டு, சிறு துளை வழியே, காணாத இலக்கை ஊசியால் தொடும் ஸ்டீரியோடாக்டிக் முறை அவ்வாறு பிறந்தது. 1952இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர், பார்க்கின்சன் நோயாளி ஒருவருக்கு மூளையின் வேறொரு பகுதியை வெட்டுவதற்காகச் செய்த அறுவையில் ஒரு சிறு இரத்தக்குழாய் கிழிய, அதைக் கட்டிவிட்டு அறுவையை இடையில் நிறுத்தினார். நோயாளி விழித்தெழுந்தபோது நடுக்கமும் விறைப்பும் அகன்றிருந்தன. தற்செயலாக நேர்ந்த அந்நிகழ்ச்சியே மூளையின் ஆழத்தே அமைந்த அடிக்கருக்கள்மீது உலகத்து அறுவை வைத்தியர்களின் நாட்டத்தைத் திருப்பியது. பின்னர் தாலமஸ் என்னும் பகுதியில் சிறு புள்ளி ஒன்றைச் சுட்டழிக்கும் முறை பரவிற்று. அதனால் பயன் உண்டாயிற்று. ஆனால் அழித்ததை மீட்க வழியில்லை, இருபுறமும் அழித்தால் பேச்சுக் குழறியது.

இங்கே சென்னையின் பங்கைச் சற்று விரித்துரைத்தல் தகும். இதை நம்மவரே போதிய அளவு அறியவில்லை என்பது என் அபிப்பிராயம். சீர்காழியில் 1922இல் பிறந்த பா. ராமமூர்த்தி, இங்கிலாந்தில் நரம்பு அறுவைப் பயிற்சி பெற்று 1950இல் திரும்பி, சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். வேலூரில் ஜேக்கப் சாண்டி அதற்கு முந்தைய ஆண்டு நிறுவிய துறையையடுத்து நாட்டில் எழுந்த முன்னோடித் துறைகளுள் அது ஒன்று. அவரோடு வே. பாலசுப்பிரமணியமும் தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகாவும் சேர்ந்து, ஸ்டீரியோடாக்டிக் முறையை ஓர் அரசாங்க மருத்துவமனையின் ஏழை நோயாளிகளுக்குரிய அன்றாடச் சிகிச்சையாக ஆக்கினர். ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை வல்லுநர்களுள் ஒருவராகிய கனகா, 1968இல் அத்துறையின் மேற்பட்டம் பெற்றவர்; 1975ஆம் ஆண்டிலேயே நீண்டகாலம் இருக்கத்தக்க மின்முனைகளை மூளையிற் பதித்து மின்தூண்டல் செய்து, இந்தியாவில் அம்முறைக்கு வழிதிறந்தார். ஸ்கேன் கருவிகள் வருமுன்னர், எக்ஸ்ரே படத்தையும் வரைபடத்தையும் அளவுகோலையும் துணைக்கொண்டு இலக்கைக் கணித்த காலம் அது. இரத்த தானத்தில் நூறு முறைக்கு மேல் கை நீட்டிய அவ்வம்மையார் 2018 நவம்பரில் காலமானார்.

இதனிடையே மேனாட்டில் 1967இல் கோட்சியாஸ் என்பார் லெவோடோபாவை உயர்ந்த அளவில் கொடுத்துப் பார்க்கின்சன் நோயாளிகளை எழுந்து நடக்கச் செய்ததும், அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆயினும் சில ஆண்டுகள் கழிந்தபின் அம்மருந்தே கட்டுக்கடங்காத நெளிவசைவுகளைத் தோற்றுவிப்பதும், பலருக்கு நடுக்கம் மட்டும் மருந்துக்குப் பணியாது நிற்பதும் தெரிந்தபோது, மீண்டும் அறுவையின் பக்கம் கண்கள் திரும்பின. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் 1987இல் அலிம் லூயி பெனாபிட், தாலமஸில் சுட்டழிக்க வேண்டிய புள்ளியை உறுதிசெய்து கொள்வதற்காக மின்முனை வழியே துடிப்புகளைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். விநாடிக்குச் சிறு எண்ணிக்கையில் செலுத்தியபோது பயன் தோன்றவில்லை. நூறு என்ற வீதத்தை நெருங்கியதும் நோயாளியின் கை சட்டென நின்றது, துடிப்பை நிறுத்தியதும் மறுபடி ஆடிற்று. அழிக்காமலே அடக்க இயலும், அடக்கியதை வேண்டும்போது விடுவிக்கவும் இயலும் என்பது அப்பொழுதே விளங்கிற்று. லெனின்கிராடில் பெக்தெரேவா என்னும் ஆய்வாளர் 1960களில் மூளையிற் செய்த மின்முனைப் பதிவுகளும், சென்னைப் பணியும் இக்கண்டுபிடிப்புக்கு முன்னோடிகளாயினும், உயர் அதிர்வெண்ணின் மர்மத்தைக் கண்டு அதை நிலையான யந்திரத்தோடு இணைத்த பெருமை பெனாபிடுக்கே உரியது. நடுக்கத்துக்கு அமெரிக்க அரசு 1997இல் இதை அனுமதித்தது. தாலமஸின் கீழுள்ள சப்தாலமிக் கரு பார்க்கின்சன் நோயில் வகிக்கும் பங்கைக் குரங்குகளில் மாலன் டிலாங் குழுவினர் 1990இல் காட்டியதைத் தொடர்ந்து, அக்கருவிற் பதிக்கும் முறையும் 2002இல் அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் 1990களின் இறுதியில் மும்பையிலும் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் இப்புதுமுறை தொடங்கிற்று. இன்று சென்னை முதலிய பெருநகரங்களில் நடைபெறுகிறது.

அறுவை மேடையில் நோயாளி பெரும்பாலும் விழித்தே இருக்கிறார். தலையிற் சட்டம் பூட்டிய நிலையில், கையில் ஒரு பேனாவைக் கொடுத்துத் தாளில் சுருள்கோடு வரையச் சொல்கிறார்கள். மின்னோட்டமின்றி வரைந்தது ரம்பப்பல் போல் குத்துக்குத்தாக இருக்க, ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என ஏற்ற ஏற்ற, அடுத்தடுத்த சுருள்கள் வழவழப்பாகின்றன. நாக்குக் குழறுகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று அப்போதே விசாரித்து இடத்தை உறுதிசெய்வர். மூளையில் இரத்தக் கசிவு, தொற்று, மின்கம்பி அறுதல் ஆகிய அபாயங்கள் உண்டு. சாதாரண யந்திரத்தின் மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்து, மறுபடி மாற்ற வேண்டியதாகும். வெளியிலிருந்து மின்னேற்றிக்கொள்ளும் வகை அதனினும் நெடுங்காலம் உழைக்கும். செலவோ பல லட்ச ரூபாய்.

மலைச்சீமையின் கண்கொண்டு பார்க்கையில் இவற்றினும் முக்கியமானது வேறொன்று. யந்திரம் பொருத்திய பின்னரே உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. வோல்ட் எவ்வளவு, எந்த முனையில் ஓட்டம், துடிப்பின் அகலம் எவ்வளவு என்பதையெல்லாம் பல மாதங்கள் மெல்ல மெல்லச் சரிசெய்ய வேண்டும். இச்சீமையோ அரசாங்க வசதிகளைப் பிந்தியே கண்டது: கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்து, அவ்வாண்டில்தான் அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில் வந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அங்குள்ள அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. வெள்ளிமலைப் பக்கத்து முதியவர் ஒருவர் ஒரு திருத்தத்துக்காகக் கரியாலூர், கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, கள்ளக்குறிச்சிக்கு வந்து, அங்கிருந்து சென்னைக்குப் பேருந்து ஏறி, துணைக்கு வந்த மகனின் நாட்கூலியையும் இழக்க வேண்டும். சென்னையில் வசிப்பவருக்கு அரை நாள் வேலை இவருக்கு இரண்டு நாள் வேலையாகிவிடுகிறது.

இம்மாவட்டத்தைப் பற்றி எழுதுகையில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு விஷயம் உண்டு: 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொண்டது. அவ்விஷம் பார்வை நரம்பையும் மூளையின் அடிக்கருக்களையும் தாக்க வல்லது. உயிர் பிழைத்தவரிடம் பார்க்கின்சனை ஒத்த விறைப்பும் மந்தகதியும் தோன்றக்கூடும் என்பது வைத்திய நூல்கள் கூறுவது. இறந்துபட்ட திசுவை மின்தூண்டல் உயிர்ப்பிக்காது. ஆதலால் இத்தகைய நிலைக்கு இச்சிகிச்சை பொதுவாகப் பொருந்துவதன்று. நடுக்கம் கண்ட ஒவ்வொருவருக்கும் யந்திரம் என்ற எண்ணம் இதனாலேயே தவறு. மறதிநோய் முற்றியவர்க்கும் இது ஏற்றதன்று. நடுக்கத்தின் வகையை நரம்பியல் வைத்தியர் நிர்ணயித்து, தக்க அளவில் மருந்து கொடுத்துப் பார்த்துப் பயன் கிட்டாத பிறகே இது பரிசீலிக்கப்படும்.

சென்னையிலே பொருத்திய யந்திரத்தை மாவட்டத் தலைநகரிலேயே ஒரு பயிற்சி பெற்ற வைத்தியர் திருத்திக் கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பெருநகரத்து அறுவைக்கூடம் வேண்டுவதில்லை. கையடக்கமான நிரலிடும் கருவியும் அதற்குரிய பயிற்சியுமே போதும். அரசாங்கம் இதை மலை மாவட்டங்களில் முதலில் செய்ய வேண்டும். அதுவரையில், வீட்டில் பெரியவர் ஒருவரின் கை ஆடக் கண்டவர்கள், அது முதுமை என்றோ குடி என்றோ தாமே முடிவு கட்டாமல், கை எப்பொழுது ஆடுகிறது, சும்மா இருக்கையிலா குவளையைத் தூக்குகையிலா என்பதைக் கவனித்து, அரசு மருத்துவமனையின் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள்.