மும்பைத் தமிழ்க் குழந்தைகளின் தொலைக்காட்சி நினைவுகள்

1972ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1990களின் முற்பகுதியில் கேபிள் இணைப்பின் வழியே தமிழ் அலைவரிசைகள் வந்து சேர்ந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளின் சின்னத்திரை அனுபவம், சென்னையில் வளர்ந்தோரின் அனுபவத்திலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. வீட்டில் தமிழும் திரையில் மராத்தி, இந்தி, குஜராத்தி, ஆங்கிலம் ஆகியவையுமாக அமைந்த அந்த அனுபவம், மும்பைத் தமிழரின் மொழிவாழ்வையே உருவாக்கிய காரணிகளுள் ஒன்றாகக் கருதத்தக்கது.

மேலைநாடுகளில் தொலைக்காட்சி பற்றிய குழந்தைப்பருவ ஏக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சார்ந்தது. அமெரிக்காவில் 1947 முதல் 1960 வரை ஒளிபரப்பான ‘ஹவ்டி டூடி’, பிரிட்டனில் 1950இல் பிபிசி தொடங்கிய ‘ஆண்டி பாண்டி’ போன்ற பொம்மலாட்ட நிகழ்ச்சிகளே அங்குள்ள முதியோரின் நினைவில் முதலில் எழுகின்றன. இந்தியாவில் அக்காலம் முழுவதும் வானொலியின் காலமாகவே இருந்தது. 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முயற்சியாகத் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே ஒளிபரப்பு நிகழ்ந்தது; நாள்தோறும் நிகழ்ச்சி என்பது 1965இல்தான் வந்தது. பம்பாயில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அப்போது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், அதே வானொலியில் 1952 முதல் அமீன் சயானி வழங்கிவந்த ‘பினாகா கீத்மாலா’வும்தான் மாலைப்பொழுதின் துணை. எனவே நடுநூற்றாண்டுக் குழந்தைத் தொலைக்காட்சிக்கு உரிய இடத்தை மும்பையில் 1970களே நிரப்பின என்று கொள்வது பொருந்தும்.

குடியிருப்பும் மொழிச் சூழலும்

மூன்று பகுதிகளின் தமிழரும் ஒரே வகையினர் அல்லர். தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற உடலுழைப்புக்கும் வந்த குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் குடியிருந்தன. மாட்டுங்காவில் அலுவலகப் பணிக்கு வந்த நடுத்தரக் குடும்பங்கள் ஆஸ்திக சமாஜம் கோயில், 1932இல் நிறுவப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் தோன்றிய சண்முகானந்த சபா ஆகியவற்றைச் சுற்றித் தங்கள் வாழ்வை அமைத்துக்கொண்டன. இடமும் வாடகையும் நெருக்கியபோது இக்குடும்பங்களில் பல செம்பூருக்குப் பெயர்ந்தன. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்தியருக்கு எதிராக நடத்திய இயக்கத்தின் சூடு முற்றிலும் தணியாத காலத்தில்தான் தொலைக்காட்சி வந்தது. பொது இடத்தில் உரக்கத் தமிழ் பேசத் தயங்கிய வீட்டாரின் பிள்ளைகளுக்கு, யாருடைய கேலிக்கும் ஆளாகாமல் மராத்தியைக் காதால் கற்றுக்கொள்ளும் வழியைத் திரை திறந்துவிட்டது. இந்தப் பயன் போதிய அளவு பேசப்படவில்லை.

வொர்லியில் அமைந்த நிலையம் மாலை வேளையில் சில மணி நேரமே கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பியது. அந்நேரம் மராத்தி, இந்தி, குஜராத்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தமிழுக்கென நிலையான நேரம் ஒதுக்கப்படவில்லை. மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்திவந்த அதே நகரில் நிலைமை இவ்வாறு இருந்தது. குழந்தைகளுக்கான நிகழ்ச்சிகளும் இந்தப் பகிர்வையே பின்பற்றின. மராத்தியில் ‘கில்பில்’, குஜராத்தியில் ‘சந்தாகூக்டி’, இந்தியில் ‘கேல் கிலோனே’, ஆங்கிலத்தில் ‘மேஜிக் லேம்ப்’ என மொழிக்கொரு நிகழ்ச்சி இருந்தது. ‘கில்பில்’ என்பது பறவைகளின் கீச்சொலியைக் குறிக்கும் மராத்திச் சொல். ‘சந்தாகூக்டி’ கண்ணாமூச்சி ஆட்டத்துக்குக் குஜராத்தியர் வழங்கும் பெயர். பொருள் விளங்காவிட்டாலும் நான்கையும் பார்ப்பதே தமிழ்ப் பிள்ளைகளின் வழக்கமாயிற்று, ஏனெனில் திருப்புவதற்கு வேறு அலைவரிசை இல்லை.

பார்த்த முறை

தொலைக்காட்சிப் பெட்டி தொடக்கத்தில் அரிய பொருள். வாங்கியவர் அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உரிமம் பெறவேண்டியிருந்தது. இந்நடைமுறை 1980களின் நடுவில்தான் நீங்கியது. பெட்டி பெரும்பாலும் மரக்கூட்டுக்குள் அமைந்து, இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவும் பூட்டும் கொண்டிருந்தது. கூரைமேல் அலுமினியக் குழாய்களால் ஆன ஆன்டெனா நிறுத்தப்பட்டது; காற்றிலோ காக்கை அமர்ந்தோ அது திரும்பிவிட்டால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, சன்னலருகே நின்ற பிள்ளை ‘வந்துருச்சு’ என்றோ ‘போயிருச்சு’ என்றோ கூவ, வீட்டினுள் இருப்போர் திரையைப் பார்த்துச் சொல்லும் செய்தி கூரைக்குப் போய்ச் சேர்ந்தது. கறுப்பு வெள்ளைத் திரையின் முன் நீல நிறத்திலோ பல நிறப் பட்டைகளாகவோ ஒரு பிளாஸ்டிக் தகட்டை மாட்டி வண்ணப்படம் பார்ப்பதாக மகிழ்ந்த வீடுகளும் உண்டு. அத்தகட்டில் வானத்துக்குரிய நீலம் செய்தி வாசிப்பவரின் நெற்றியிலும், புல்லுக்குரிய பச்சை அவர் சட்டையிலும் படிந்து கிடந்தது.

தாராவியில் ஓர் அறையே ஒரு வீடு. அதை அங்குள்ள தமிழர் மராத்திச் சொல்லால் ‘கோலி’ என்றே வழங்குவர். ஒரு சந்துக்கு ஒரு கோலியில் பெட்டி இருந்தால் அச்சந்தின் பிள்ளைகள் அனைவரும் அங்கே கூடினர். உள்ளே இடம்பிடித்தோர் தரையில் அமர்ந்தனர். மற்றோர் வாசற்படியிலும் சன்னல் கம்பியிலும் தொற்றிக்கொண்டு பார்த்தனர். ஞாயிறு மாலை இந்தித் திரைப்படத்துக்குச் சில வீடுகளில் சில்லறை வாங்கப்பட்டது. மாட்டுங்காவின் மாடிக்குடியிருப்புகளில் காசு கேட்கப்படவில்லை என்றாலும், பாடம் முடித்தாயா என்ற கேள்வியும், விளக்கு வைக்கும் நேரத்தில் எழுந்து போகவேண்டிய கட்டாயமும் இருந்தன. பிற்கால நினைவுக் குறிப்புகள் இக்காலத்தை ‘ஊரே சேர்ந்து பார்த்த பொற்காலம்’ என்று புகழ்வதுண்டு. சேர்ந்து பார்த்தது உண்மை. ஆனால் யார் நாற்காலியில், யார் பாயில், யார் வாசலுக்கு வெளியே என்பதை வீட்டுக்காரரின் விருப்பமும் வந்தவரின் நிலையும் முடிவுசெய்தன. கதவு சாத்தப்பட்ட மாலைகளையும் சேர்த்துக்கொண்டால்தான் அந்நினைவு முழுமையாகும்.

நிகழ்ச்சிகள்

தபசும் நடத்திய ‘பூல் கிலே ஹைன் குல்ஷன் குல்ஷன்’ 1972இல் தொடங்கி 1993 வரை நீடித்தது. திரைப்படக் கலைஞருடன் உரையாடும் இந்நிகழ்ச்சியை நடத்தியவர், தாமே ஒரு காலத்தில் குழந்தை நட்சத்திரமாக விளங்கியவர். இந்தித் திரைப்பாடல்களைத் தொகுத்தளித்த ‘சாயாகீத்’ மற்றொரு பெருவிருப்பம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய பின், அங்கு வளர்ந்த உறவினர் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பற்றிப் பேசியபோது, பம்பாய்ப் பிள்ளைகள் அதற்கு ஈடாகச் சொன்னது ‘சாயாகீத்’தையே. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் இவ்வாறு இரு வேறு பாட்டு நினைவுகளோடு வளர்ந்தன.

குழந்தைகளுக்கென்று ஆக்கப்படாத நிகழ்ச்சிகளே குழந்தைகளின் மனத்தில் ஆழப் பதிந்தன என்பது இக்காலத்தின் தனித்தன்மை. வேளாண் மக்களுக்கான மராத்தி நிகழ்ச்சி ‘ஆம்சி மாத்தி ஆம்சி மாணசா’ இதற்குச் சிறந்த சான்று. ‘எம் மண், எம் மக்கள்’ என்னும் பொருளுடைய அந்நிகழ்ச்சியில் உர அளவும் விதைப்புக் காலமும் விளக்கப்பட்டன. திருநெல்வேலியில் நிலமற்றோ நிலமிழந்தோ வந்த குடும்பத்தின் பிள்ளைகள், அடுத்து வரவிருக்கும் பாட்டுக்காகக் காத்திருந்தவாறே மகாராட்டிர உழவரின் சொற்களைக் கேட்டுப் பழகினர். 1970களின் பிற்பகுதியில் வந்த ‘சிமண்ராவ்’ மராத்தி நகைச்சுவைத் தொடர். எழுத்தாளர் சி. வி. ஜோஷி படைத்த பாத்திரமான சிமண்ராவாகத் திலீப் பிரபாவல்கர் நடித்தார். நடுத்தரக் குடும்பத்தின் வறட்டுக் கௌரவத்தையும் தடுமாற்றத்தையும் காட்டிய அத்தொடர் மாட்டுங்காத் தமிழ் வீடுகளுக்கு அந்நியமாகத் தோன்ற வாய்ப்பே இல்லை. மராத்திச் செய்தி வாசித்தவர்களுள் பின்னாளில் பெரும் நடிகையான ஸ்மிதா பாட்டீலும் ஒருவர்.

1974இல் திரைப்படப் பிரிவு வெளியிட்ட ‘ஏக், அனேக் ஔர் ஏக்தா’ என்னும் சிறு அசைவூட்டப் படம் தனியே குறிப்பிடத்தக்கது. விஜயா முளே இயக்க, பீம்சைன் அசைவூட்டம் செய்த அப்படத்தில், வேடனின் வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றுபட்டு வலையோடு பறக்கின்றன. நட்பான எலிகள் வலையைக் கடித்து அவற்றை விடுவிக்கின்றன. பஞ்சதந்திரத்தில் உள்ள இக்கதையைப் பாட்டிமாரிடம் தமிழில் முன்பே கேட்டிருந்த பிள்ளைகளுக்கு, இந்தி வசனம் தடையாகவில்லை. தெரிந்த கதையின் துணைகொண்டு தெரியாத மொழியைப் பிடித்துக்கொள்ளும் வழியை அது காட்டியது. நிகழ்ச்சி இடையிலேயே நின்றுபோனால் திரையில் தோன்றிய ‘ருகாவட் கே லியே கேத் ஹை’ என்ற வருத்த அறிவிப்பும் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்த இந்தியில் அடங்கும்.

1976 ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் என்னும் தனி அமைப்பாயிற்று. சுழன்று வந்து கண் வடிவில் நிலைகொள்ளும் சின்னமும், பண்டிதர் ரவிசங்கரின் பங்களிப்போடு உருவான தொடக்க இசையும் நிகழ்ச்சிக்கு முன்னரே பிள்ளைகளைப் பெட்டிமுன் அமரவைத்தன. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி வண்ண ஒளிபரப்பும் நாடு தழுவிய நிகழ்ச்சிகளும் வந்தபின் பம்பாய்க்கே உரிய நிகழ்ச்சிகளின் இடம் குறையத் தொடங்கியது. 1984 ஜூலை 7இல் ‘ஹம் லோக்’ தொடர் தொடங்கியது. 1985இல் பம்பாய்க்கு இரண்டாம் அலைவரிசை கிடைத்தது. 1960களில் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட ‘ஸ்டார் ட்ரெக்’, ‘லூசி ஷோ’ ஆகியவையும் 1980களில்தான் இங்கு வந்தன. இருபது ஆண்டு பழைய தொடர்களைப் புத்தம்புதியனவாகக் கண்டதால், அமெரிக்க முதியவரும் மும்பையின் நடுவயதினரும் இன்று ஒரே தொடரை நினைத்து ஏங்க முடிகிறது.

திரையில் தமிழ்

1986இல் வந்த ‘மால்குடி டேஸ்’ தமிழ்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமான தொடர். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதியவற்றை, கன்னடரான சங்கர் நாக் கர்நாடகத்தின் ஆகும்பேயில் படம்பிடித்தார்; இசை எல். வைத்தியநாதன்; கோட்டோவியங்கள் மும்பையில் வாழ்ந்த கேலிச்சித்திரக்காரரும் நாராயணின் தம்பியுமான ஆர். கே. லட்சுமண். திண்ணையும் வேட்டியும் குடுமியும் திரையில் கேலிப்பொருளாகாமல் இயல்பாக வந்த அரிய தொடர் அது. இந்தித் திரைப்படங்களில் ‘மதராசி’ என்ற நகைச்சுவைப் பாத்திரத்தையே கண்டு பழகிய பிள்ளைகள், மாஸ்டர் மஞ்சுநாத் நடித்த சுவாமியிடம் தங்களைக் கண்டனர். அவன் பேசியது இந்தி என்பது அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

1987 சனவரி 25 முதல் ஞாயிறு காலைகளில் வந்த ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ தொடர், தான் பயன்படுத்திய மூலநூல்களின் வரிசையில் கம்பராமாயணத்தையும் குறிப்பிட்டது. 1988 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’ பாடலில் எம். பாலமுரளிகிருஷ்ணா பாடிய தமிழ்ப் பகுதி சில நொடிகளே நீடித்தாலும், அடிக்கடி ஒளிபரப்பானதால், பம்பாய்த் திரையில் மிக அதிகமுறை ஒலித்த தமிழ் அதுவாகவே இருந்திருக்கும். முழுநீளத் தமிழ் கிடைத்தது ஞாயிறு பிற்பகல் வட்டார மொழிப் படவரிசையில்தான். மொழிகள் முறைவைத்து வந்ததால் தமிழின் முறைக்குப் பல வாரம் காத்திருக்கவேண்டும். வருவதும் விருது பெற்ற, மெல்ல நகரும் படமாக இருக்கும். ரஜினிகாந்தையும் கமலஹாசனையும் காண விரும்பிய பிள்ளைகள் மாட்டுங்காவின் அரோரா திரையரங்கையும், 1980களில் தாராவிச் சந்துகளில் பெருகிய வீடியோ கொட்டகைகளையும் நாடினர்.

கோடை விடுமுறைக்கு ஊர் சென்றபோது நிலை தலைகீழானது. 1970களில் நெல்லைச் சிற்றூர்களில் தொலைக்காட்சியே இல்லாததால், பம்பாயிலிருந்து வந்த பிள்ளை தான் கண்டதையெல்லாம் கதையாகச் சொல்லி மதிப்புப் பெற்றது. 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியபின், தென்கடற்கரையோர ஊர்களில் உயரமான ஆன்டெனா வழியே அதன் தமிழ் நிகழ்ச்சிகள் கிடைத்தன. வொர்லி கோபுரத்தின் நிழலிலேயே வளர்ந்த பிள்ளை, தமிழில் பேசும் தொலைக்காட்சியை முதன்முதலாகத் தாத்தாவின் ஊரில், கடல்கடந்து வந்த அலையில் கண்டது.

பிற்காலமும் பாதுகாப்பும்

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டு, கேபிள் வழியே மும்பைக்கும் வந்துசேர்ந்தபின் வீட்டுமொழியும் திரைமொழியும் ஒன்றாயின. அதற்குப்பின் பிறந்த பிள்ளைகள் மராத்தியைப் பள்ளியிலும் தெருவிலும்தான் கற்றனர்.

முன்னைய நிகழ்ச்சிகளில் எஞ்சியவை குறைவு. ஒளிநாடா விலை மிகுந்த காலத்தில், பதிவான ஒன்றை அழித்து அதன்மேல் வேறொன்றைப் பதிவது உலகெங்கும் நடந்தது. பிபிசியே ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பகுதிகள் பலவற்றை அவ்வாறு இழந்தது. தூர்தர்ஷனின் தொடக்ககால நிகழ்ச்சிகளும் இதற்குத் தப்பவில்லை. 2020 ஊரடங்கின்போது ‘ராமாயண்’ மறு ஒளிபரப்பானது போல ‘கில்பில்’லையோ ‘மேஜிக் லேம்ப்’பையோ காட்ட வழியிருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இந்நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பார்த்தவர் நினைவில் மட்டுமே உள்ளன. 1972இல் பத்து வயதாக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்தவர். மும்பையின் தமிழ்ச் சங்கங்களும் பள்ளிகளும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதியோரிடம் இந்நினைவுகளை வாய்மொழியாகக் கேட்டுப் பதிவுசெய்யும் பணியைக் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ள வேண்டும்.