புலம்பல் ஓய்ந்த கதைகள்

தமிழ்ச் சிறுகதை பிறந்ததே ஓர் இழவு வீட்டில் என்று சொல்லலாம். 1915-இல் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையில் ருக்மிணி குளத்தில் விழுந்து உயிரை விடுகிறாள். அர்பத்நாட் வங்கி முறிந்ததில் அவள் அப்பா நொடித்துப்போகிறார். மாமனார் வீட்டில் மகனுக்கு வேறு பெண் பார்க்கத் தொடங்குகிறார்கள். கதையைச் சொல்வது குளக்கரை அரசமரம். கணவன் இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதித்ததுபோல நடிக்கிறான், கடைசி நேரத்தில் உதறிவிட்டு வரப்போகிறான் என்ற ரகசியம் அந்த மரத்தின் காதில் விழுந்துவிடுகிறது. ருக்மிணிக்கோ ஒன்றும் தெரியாது. தெரிந்த மரத்துக்கு ஓடிப்போய்ச் சொல்ல வழியில்லை. கதையின் பாரமெல்லாம் இறங்குவது இந்த இடத்தில்தான். ஐயருக்கு மட்டும் அது போதவில்லை. மரம் வாய்விட்டுப் புலம்புகிறது, முடிவில் புத்தியும் சொல்கிறது.

அந்தப் புலம்பல் அடங்க இருபது வருஷம் ஆயிற்று.

1933-இல் தொடங்கிய 'மணிக்கொடி', 1935-இல் பி.எஸ். ராமையாவின் கையில் சிறுகதைப் பத்திரிகையானது. அதில் எழுதி வளர்ந்தவர்கள் ஒப்பாரியை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையில் சென்னை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தந்தி வருகிறது. அக்காவும் தம்பியும் ராத்திரி ரயிலில் கிளம்புகிறார்கள். தந்தி என்றாலே அடிவயிறு கலங்கிய காலம் அது. அக்காவுக்குத் தாலி நிலைக்குமா என்ற கேள்வியை அந்த ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாக இழுத்துக்கொண்டு போகிறது. தலைப்பில் இருக்கும் கேள்விக்குறியே பாதிக் கதை.

புதுமைப்பித்தன் சாவை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்தார். 1941-இல் எழுதிய 'மகாமசான'த்தில், மவுண்ட் ரோட்டு நடைபாதையில் ஒரு பிச்சைக்காரக் கிழவரின் உயிர் பிரிந்துகொண்டிருக்கிறது. சாயங்கால ஜனம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. அப்பா மாம்பழம் வாங்கப் போன நேரத்தில், ஒரு குழந்தை மட்டும் அவரை வேடிக்கை பார்க்கிறது. பிறகு கைக்கு வந்த மாம்பழத்தின் வாசனையில் அது சொக்கிப்போவது, யாராவது தலைமாட்டில் உட்கார்ந்து அழுதிருந்தால் வலித்திருப்பதைவிட அதிகமாக வலிக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து 'கலைமக'ளில் வந்த 'செல்லம்மா'ளுக்கு ஈடாக ஒரு துக்கக் கதையைத் தமிழில் காட்டுவது கஷ்டம். எடுத்த எடுப்பிலேயே அவள் மூச்சு அடங்கிவிடுகிறது. பிழைப்பாளா என்ற பதைப்புக்கே இடமில்லை. கதை பின்னால் போய், நோயாளி மனைவியோடு சென்னையில் காலந்தள்ளும் ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளையின் நாட்களைக் காட்டுகிறது. வைத்தியம், சமையல், கடைக்கு ஓட்டம், வாங்கித் தர நினைத்த புடவை என்று எல்லாம் அன்றாடக் காரியங்கள். பிள்ளை கதறுவதில்லை. உயிரோடிருந்தபோது செய்த பணிவிடையை, உயிர் போன பிறகும் அதே நிதானத்தோடு செய்கிறார். வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டுகிறார். புடவையை உடுத்திவிடுகிறார். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து அவள் முகத்தில் உட்காரப் பார்க்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுத் திணறும்போது வீசுவதுபோல மெதுவாக விசிறிக்கொண்டிருக்கிறார்.