இழந்த காலும் எழுந்த நடையும்

கெய்ரோ நகரத்துப் பொருட்காட்சிசாலையில் மரத்தாலும் தோலாலும் செய்யப்பட்ட கால் பெருவிரல் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 3000 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணியின் காலில் பொருத்தப்பட்டிருந்த விரல் அது. இறந்தவர்க்குச் செய்த வெறும் அலங்காரம் அன்று அது. நடந்து நடந்து தேய்ந்த அடையாளம் அதில் காணப்படுகிறது. இழந்த உறுப்புக்கு ஈடாக வேறொன்றைச் செய்துகொள்ளும் கலை எவ்வளவு பழமையானது என்பதற்கு அச்சிறு விரலே சான்று.

ஆனால், செயற்கை உறுப்பைச் செய்வது ஒரு கலை. அதைக் கொண்டு நடப்பது மற்றொரு கலை. முன்னது மிகப் பழையது. பின்னதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இப்போது காணப்போகிறோம்.

16-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் அம்புருவாசு பாரே என்னும் இரண வைத்தியர் வாழ்ந்தார். போர்க்களத்தில் கால் துண்டிக்கப்பட்டவனுக்குக் குருதியை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதே அக்கால வழக்கம். பாரே 1552-ஆம் ஆண்டு ஒரு முற்றுகையின்போது அக்கொடுமையைக் கைவிட்டு, குருதிக் குழாய்களை நூலால் கட்டினார். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் துணையோடு, முழங்கால் மடங்கும் இரும்புக் காலையும் அவர் அமைத்தார். எனினும் அத்தகைய கால் செல்வர்க்கே கிட்டியது. எளிய போர்வீரனுக்குக் கிடைத்தவை ஒரு மரக்கட்டையும் ஊன்றுகோலுமே. புண் ஆறியதும் வைத்தியரின் கடமை முடிந்தது. பின்னர் அவன் நடந்தானா, தெருவில் அமர்ந்து இரந்தானா என்று கேட்பார் இல்லை.

1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் பயன் உலகறிய மெய்ப்பிக்கப்பட்டது. அதன்பின் 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போரில் ஏறத்தாழ 60,000 உறுப்பு நீக்கச் சிகிச்சைகள் நடந்தன என்பர். போரின் தொடக்கத்திலேயே காலை இழந்த இளைஞர் சேம்சு ஆங்கர், பீப்பாய்ப் பலகைகளைச் செதுக்கித் தமக்கென ஒரு காலைத் தாமே செய்துகொண்டார். பின்னர் அதையே தொழிலாக வளர்த்தார். போரில் தோற்ற மிசிசிப்பி மாநிலம், 1866-இல் தன் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைச் செயற்கை உறுப்புகளுக்கே செலவிட்டது. இவ்வளவு பொருள் செலவிட்டும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது: கால் கொடுத்தாயிற்று, நடை கொடுத்தாயிற்றா?

நடப்பது காலின் வேலை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது உடல் முழுவதும் கூடிச் செய்யும் வேலை. காலை இழந்தவர் நாள் முழுதும் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தால், இடுப்பின் முன்புறத் தசைகள் சுருங்கி, எஞ்சிய தொடை மடங்கியவாறே இறுகிவிடும். அதன்பின் எத்துணைச் சிறந்த செயற்கைக் காலைப் பொருத்தினாலும் அவரால் நிமிர்ந்து நிற்க இயலாது. ஆகவேதான் நாள்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுக்கச் செய்கின்றனர். தொடையின்கீழ்த் தலையணை வைப்பதைத் தடுக்கின்றனர். துணிப்பட்டி சுற்றி வீக்கத்தைக் குறைக்கின்றனர். இடுப்புக்கும் தோளுக்கும் வலிமை ஊட்டுகின்றனர். பிறகு, இருபுறமும் கைப்பிடிக் கம்பிகள் உள்ள பாதையில் நிறுத்தி, உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றப் பழக்குகின்றனர். செயற்கைப் பாதத்திற்குத் தரையின் மேடு பள்ளம் தெரியாது. அந்த உணர்ச்சியை எஞ்சிய தொடையும் இடுப்புமே கற்றுக்கொள்ள வேண்டும். விழுவதற்கும், விழுந்தபின் எழுவதற்குங்கூடப் பயிற்சி உண்டு.

இவ்வறிவு ஒரே நாளில் தோன்றியதன்று. 1813-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் லிங் என்பார் தேகப்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவி, நோய் தீர்க்கும் பயிற்சிகளையும் அங்குக் கற்பித்தார். 1894-இல் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் தொடங்கிய சங்கம், பிற்காலத்தில் இயன்முறை மருத்துவர்களின் சங்கமாக வளர்ந்தது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர் 41,000 பேருக்கு மேல் கையையோ காலையோ இழந்தபோது, இம்முறைகளின் தேவை நன்கு விளங்கிற்று. அவ்வீரர்களுக்கென்றே இலண்டனை அடுத்த ரோகாம்டனில் 1915-ஆம் ஆண்டு ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. உறுப்புச் செய்யும் பட்டறையும், அதைப் பயன்படுத்தக் கற்பிக்கும் இடமும், தொழில் பழக்கும் கூடமும் அங்கு ஒருங்கே அமைந்தன.

அங்கு வந்தவருள் ஒருவர் டக்ளஸ் பேடர் என்னும் விமானி. 1931 டிசம்பரில் நேர்ந்த விமான விபத்தில், தம் 21-ஆம் வயதில், அவர் இரு கால்களையும் இழந்தார். ஊன்றுகோலின்றி நடக்க இயலாது என்றனர் அனுபவசாலிகள். அவரோ விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார்; இறுதியில் கோலின்றியே நடந்தார். 1940-இல் பிரிட்டன் வான்போரில் ஒரு விமானப் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவருடைய உலோகக் கால்கள் சிறந்த தொழிலாளர் செய்தவை. அவற்றை நடக்க வைத்தது அவருடைய இடைவிடாப் பயிற்சி.

நம் நாட்டில் 1944-இல் பூனாவில் படைவீரர்க்கான செயற்கை உறுப்பு நிலையம் தோன்றியது. ஆயினும் மேனாட்டு முறைக் கால், காலணி அணிந்து நாற்காலியில் அமர்பவர்க்கே ஏற்றதாக இருந்தது. நம் உழவரோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவர். தரையில் சம்மணமிட்டு அமர்பவர். இதனை உணர்ந்து, 1960-களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் கூடி, வளைந்து கொடுக்கும் ரப்பர்ப் பாதத்தை உருவாக்கினர். சேத்திக்கு 1981-இல் மாக்சேசே பரிசு கிடைத்தது.

அதே 1981-இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தை அடுத்து, சுதா சந்திரன் என்னும் இளம் பரதநாட்டியக் கலைஞர் வலக்காலை இழந்தார். ஜெய்ப்பூர்க் கால் அவருக்கு நிற்க உதவியது. ஆனால், அரைமண்டியில் அமர்ந்து தாளத்திற்கேற்ப அடிவைக்கும் ஆற்றலை எந்தப் பட்டறையும் செய்து தர முடியாது. வலியைத் தாங்கிப் பழைய பாடங்களை முதலிலிருந்து பழகி, 1984-இல் அவர் மீண்டும் மேடை ஏறினார்.

மாணவ நண்பர்களே! ஒருவர்க்குச் செயற்கைக் கால் அளிப்பது நல்லறம், ஐயமில்லை. ஆனால் அதை அணிவித்து, கை தட்டி, வாழ்த்திவிட்டுச் சென்றால் அறம் பாதியில் நின்றுவிடும். பழக்குவார் இன்றேல், நாளடைவில் அக்கால் வீட்டுச் சுவரில் தொங்கும். மனிதர் திண்ணையில் முடங்குவார். பயிற்சி தரும் ஆசிரியரும், பழகுதற்கு வேண்டிய காலமும், அதுவரை குடும்பத்தைத் தாங்கும் உதவியும் அவர்க்குச் சேர்ந்தே கிடைக்க வேண்டும். எதிர்காலத்தில் மருத்துவராகவும், பொறியாளராகவும், ஆட்சியாளராகவும் விளங்கப்போகும் நீங்கள் இதனை மறவாதிருப்பீர்களாக!