பொலிஸ் இல்லாத சந்தியில் ஏன் நிற்க வேண்டும்?

சட்டத்தை ஏன் மதிக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், "இல்லாட்டி பொலிஸ் பிடிக்கும்" என்பதே எம்மில் பலரின் பதில். அது பயம். கடமை என்பதற்குக் காரணம் வேறு. அதைத் தேடும் முயற்சி 2400 வருடங்களுக்கு மேல் பழையது.

கி.மு. 399இல் ஏதென்ஸ் நகரில் 70 வயதான சோக்கிரட்டீசுக்கு மரண தண்டனை விதித்தார்கள். நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை, இளைஞர்களைக் கெடுத்தார் என்பன குற்றச்சாட்டுகள். அவரைத் தப்பவைக்க எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு, நண்பர் கிரிட்டோ விடியுமுன் சிறைக்கு வந்து கெஞ்சினார். சோக்கிரட்டீஸ் மறுத்துவிட்டார்.

காரணங்களை அவரது மாணவர் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். வளர்த்த நகரத்துக்குப் பெற்றோருக்குப் போல நன்றிக்கடன் உண்டு. வெளியேற வழியிருந்தும் இவ்வளவு காலம் இங்கேயே வாழ்ந்தது, சட்டத்தோடு செய்துகொண்ட உடன்பாடு. ஆளுக்காள் தீர்ப்பை மீறினால் நகரம் நிலைக்காது.

ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்தவர் அல்லர். சில வருடங்களுக்கு முன் முப்பது கொடுங்கோலர்கள் ஏதென்ஸை ஆண்டார்கள். லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவரும்படி சோக்கிரட்டீசுக்கும் வேறு நால்வருக்கும் கட்டளையிட்டார்கள். நால்வரும் போனார்கள். அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"இங்கே வாழ்வதே உடன்பாடு" என்ற வாதத்தை 1748இல் ஸ்கொட்லாந்து அறிஞர் டேவிட் ஹியூம் மறுத்தார். அன்றாடம் உழைத்துச் சாப்பிடும், வேறு பாஷை தெரியாத ஏழை எங்கே போவான்? தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதிக்கவில்லை என்பதற்காகச் சம்மதித்தவன் ஆவானா?

1955இல் சட்ட அறிஞர் ஹார்ட் இன்னொரு காரணத்தை முன்வைத்தார். மற்றவர்கள் விதிக்குக் கட்டுப்படுவதால் பயன்பெறுபவர், தன் முறை வரும்போது தானும் கட்டுப்படுவதே நியாயம். 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்த எமக்கு இது நன்றாக விளங்கும். ஒருவர் இடையில் புகுந்தபோது எமக்கு வந்த கோபம், எல்லோரும் நிற்கும்போது அவர் மட்டும் நிற்கவில்லையே என்பதுதான். சுமை எல்லோர்மீதும் சமமாக விழும்வரைதான் இந்த நியாயமும் செல்லும்.

ஆகவே பிள்ளைகளுக்குக் காரணங்களைச் சொல்லிக் கொடுப்போம். பயத்தை மட்டும் சொல்லி வளர்த்தால், பொலிஸ் இல்லாத சந்தியில் அவர்கள் நிற்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நாளை யாராவது ஒரு லியோனைப் பிடித்துவரச் சொன்னால், மறுபேச்சின்றிப் போகும் நால்வரில் எங்கள் பிள்ளையும் ஒருவராக இருக்கலாம்.