ரமளானில் வந்த அறிவிப்பு: 1873 நெருக்கடியும் உஸ்மானியர் கடனும்

ஹிஜ்ரி 1292, ரமளான் பிறை 6. அதாவது 1875 அக்டோபர் 6. அன்று இஸ்தான்புல்லில் உஸ்மானிய அரசு வெளியிட்ட அறிவிப்பு இலண்டன், பாரிஸ் பங்குச் சந்தைகளைக் கலங்கடித்தது. வெளிநாட்டுக் கடன்களுக்கான வட்டியில் பாதியை மட்டுமே இனி ரொக்கமாகத் தர இயலும், மீதிக்குப் புதிய கடன் பத்திரங்களே வழங்கப்படும் என்றது அது. துருக்கிய வரலாற்றில் இதற்கு 'ரமளான் ஆணை' என்றே பெயர்.

அரசை இந்நிலைக்குத் தள்ளிய நெருக்கடி தொலைவில் தோன்றியது. போரில் தோற்ற பிரான்ஸ், ஜெர்மனிக்கு 500 கோடி பிராங்க் இழப்பீடு செலுத்தியது. அந்தப் பணப்பெருக்கில் பெர்லினிலும் வியன்னாவிலும் வங்கிகளும் கட்டட நிறுவனங்களும் காளான்களாய் முளைத்தன. 1873 மே 9 அன்று வியன்னா சந்தை சரிந்தது. அந்நகரில் உலகக் கண்காட்சி தொடங்கி எட்டு நாள்களே ஆகியிருந்தன. செப்டம்பரில், இரயில்பாதைப் பத்திரங்களை விற்றுவந்த ஜே குக் வங்கி அமெரிக்காவில் முறிந்தது. நியூயார்க் பங்குச் சந்தை பத்து நாள்கள் மூடிக்கிடந்தது.

உஸ்மானியருக்கு இதில் என்ன தொடர்பு? பழைய கடனின் வட்டியை அவர்கள் புதிய கடன் வாங்கிச் செலுத்திவந்தனர். அஞ்சிய ஐரோப்பிய முதலீட்டாளர்கள் கையை இறுக்கியதும் அச்சுழற்சி நின்றுபோயிற்று.

ஆயினும் வியன்னாவை மட்டும் குற்றம் சொல்வது நேர்மையாகாது. 1852இல் அதிகாரிகள் ஐரோப்பாவில் பேசி முடித்த கடனைச் சுல்தான் அப்துல் மஜீத் ஏற்க மறுத்திருந்தார். அந்தத் தயக்கம் ஈராண்டுகளே நீடித்தது. கிரிமியப் போர்ச் செலவுக்காக 1854இல் முதல் வெளிநாட்டுக் கடன் வாங்கப்பட்டது. பிறகு அது பழக்கமாகிவிட்டது. போருக்கு வாங்கியதையாவது புரிந்துகொள்ளலாம். அரண்மனைகளுக்கும் போர்க்கப்பல்களுக்கும் பணம் கரைந்ததை என்னென்பது? பத்திரத்தில் எழுதிய தொகை வேறு, தள்ளுபடி போகக் கைக்கு வந்த தொகை வேறு. வட்டியோ எழுதிய தொகைக்கு. 1875க்குள் கடன் சுமார் 20 கோடி பவுனை எட்டியது. அதே ஆண்டுகளில் அனத்தோலியாவில் வறட்சியும் பஞ்சமும் நிலவியதால் வரி வசூலும் குன்றியது.

1876இல் வட்டி அடியோடு நின்றது. 1881 டிசம்பரில், ஹிஜ்ரி 1299 முஹர்ரம் மாதத்தில், மற்றோர் ஆணை பிறந்தது. அசலில் பெரும்பகுதி குறைக்கப்பட்டது உண்மைதான். அதற்கு ஈடாக உப்பு, புகையிலை, பட்டு, மீன், முத்திரைத்தாள், மது ஆகியவற்றின் வருவாய் பொதுக்கடன் நிர்வாகம் என்ற அமைப்பின் கைக்குப் போயிற்று. கடன் கொடுத்த ஐரோப்பியரின் பிரதிநிதிகளே அதை நடத்தினர். புகையிலையின் தனியுரிமை ஓர் அந்நிய நிறுவனத்துக்குக் கிடைத்தது. உழவர் தம் விளைச்சலை அது சொன்ன விலைக்கே விற்க வேண்டியதாயிற்று. மறைவாக விற்றவர்களுக்கும் அதன் ஆயுதக் காவலர்களுக்கும் மோதல்கள் மூண்டு உயிர்கள் பல போயின. பத்திரத்தின் முகத்தையே கண்டிராத மக்கள் இவர்கள்.

எகிப்தின் கதை இன்னும் விரைவாக முடிந்தது. கடனில் மூழ்கிய கெதிவ் இஸ்மாயீல் 1875 நவம்பரில் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை 40 இலட்சம் பவுனுக்கு பிரிட்டனிடம் விற்றார். 1882இல் பிரிட்டிஷ் படை நாட்டிலேயே இறங்கிவிட்டது.

பொதுக்கடன் நிர்வாகத்தின் மாளிகை இன்று இஸ்தான்புல்லில் ஓர் உயர்நிலைப் பள்ளி. உஸ்மானிய ஆட்சி மறைந்த பின்னும் கடன் மறையவில்லை. துருக்கிக் குடியரசு அதன் கடைசித் தவணையை 1954இல் செலுத்தியது. முதல் கடன் வாங்கி அப்போது நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.