வெள்ளித் தூண்டில்: லாரின் நாணயத்தின் மெய்யும் போலியும்

நாணயமொன்றின் உண்மைத்தன்மையை ஆராய முற்படுவோர் முதலில் நோக்குவது அதன் பொறிப்பையே. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயங்களிற் காணப்படும் நந்தி உருவமும் ‘சேது’ என்னும் தமிழ்ப் பொறிப்பும் அவற்றை வெளியிட்ட அரசமரபு எதுவெனக் காட்டிநிற்கின்றன. ஆனால், மன்னன் பெயரைத் தாங்காததும் எவரும் ஆக்கிக்கொள்ளத்தக்கதுமான நாணயமொன்றில் மெய் எது, போலி எது என எவ்வாறு துணிவது? பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் இலங்கையிற் புழங்கிய லாரின் என்னும் வெள்ளி நாணயம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

பாரசீகத்தின் தென்பகுதியிலுள்ள லார் என்னும் நகரின் பெயரடியாகப் பிறந்ததே லாரின் என்ற பெயர். ஏனைய நாணயங்களைப் போன்று வட்டத் தகடாக அன்றி, வெள்ளிக் கம்பியை இரண்டாக மடித்து, அதன்மேல் அச்சடித்து இது ஆக்கப்பட்டது. ஓர்மசு முதலாக இந்தியாவின் மேற்குக் கரை, மாலைதீவு, இலங்கை ஈறாக இந்து சமுத்திர வணிகரின் கைகளில் இது உலாவியது. பிஜப்பூர் மன்னன் இரண்டாம் அலி ஆதில் ஷா (1656–1672) தன் பெயர் பொறித்த லாரின்களை வெளியிட்டான். மாலைதீவு நாணய முறையில் வழங்கும் ‘லாரி’ என்ற சிற்றலகு இப்பெயரின் எச்சமேயாகும். இலங்கையிலோ, மடித்த கம்பி மீண்டும் வளைக்கப்பட்டுத் தூண்டில் வடிவம் பெற்றது. அதன் நிறை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிராம் வரை அமைந்தது.

கண்டி இராச்சியத்தில் இந்நாணயம் பெற்றிருந்த நிலையை விளக்குவதற்கு றொபேட் நொக்ஸ் தரும் சான்று பெரிதும் பயன்படுகின்றது. 1660 இல் கொட்டியாரத்திற் பிடிபட்டு, இரண்டாம் இராசசிங்கனின் நாட்டிற் பல்லாண்டு சிறையிருந்து, 1679 இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தவர் அவர். 1681 இல் இலண்டனில் வெளியான தமது நூலில், தூண்டில் வடிவான ‘ரிதி’ என்னும் நாணயத்தை மன்னனின் அனுமதியுடன் எவரும் ஆக்கலாம் என்றும், தாம் விரும்பிய குறியை அதில் இடலாம் என்றும் அவர் கூறுகின்றார். அதே நாட்டில், மன்னனுக்கே உரிய பணம் என்னும் சிறு நாணயத்தைப் பிறர் அடித்தால் மரணதண்டனை! வெள்ளியில் ஐயம் தோன்றின், அதனைச் செந்தணலிற் பழுக்கக் காய்ச்சி நீரில் இடுவர். தூய வெண்மையாகத் தோன்றாதது செல்லாக்காசாகும்.

இச்சோதனை அறிவுக்குப் பொருந்தியதே. வெள்ளியிற் செப்புக் கலந்திருப்பின், வெப்பமேறும்போது செப்பு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து மேற்பரப்பைக் கருக்கச் செய்யும். ஆகவே, பணத்துக்கு உறுதியளித்தது மன்னனின் ஆணை. ரிதிக்கு உறுதியளித்தது உலோகத்தின் தூய்மை. ஒரே சந்தையில் இவ்விருவகை நம்பிக்கைகளும் அருகருகே நிலவியமை அக்காலப் பொருளாதாரத்தை ஆராய்வோர் மனங்கொள்ளத்தக்கது.

இன்று லாரின் சேகரிப்போரும் அதன் மெய்ம்மையைச் சோதிக்கின்றனர். தூய வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 10.5 கிராமளவு, செப்பின் அடர்த்தி ஏறத்தாழ 9. எனவே செப்புக் கம்பிக்கு வெள்ளி முலாமிட்ட போலியை நீரில் நிறுத்தே கண்டுகொள்ளலாம். அச்சில் வார்த்த போலிகளில் நுண்குழிகளும் வார்ப்பின் பொருத்துக்கோடும் தென்படும். பழைய வெள்ளியிற் பொன், ஈயம் ஆகியவற்றின் சுவடுகள் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். மின்பகுப்பினால் தூய்மையாக்கிய இக்கால வெள்ளியில் அவை பெரிதும் இரா. எனினும் பழைய நகையை உருக்கிக் கம்பியாக்குபவன் இச்சோதனையையும் வென்றுவிடுவான். ஆதலால் நிறை, அச்சின் தன்மை, மேற்பரப்பில் ஊறிய களிம்பு ஆகிய அனைத்தையும் ஒருங்கே நோக்கியே முடிவுகாண வேண்டியுள்ளது.

இவ்விடத்து ஒரு முரண் புலனாகின்றது. நேற்று முறுக்கிய தூய வெள்ளிக் கம்பி நொக்ஸ் கூறிய தீச்சோதனையில் வெல்லும்; வரலாற்றாசிரியனுக்கோ அது பொய்ச்சாட்சி. பதினேழாம் நூற்றாண்டில் எவனோ செப்புக் கலந்து ஆக்கிய லாரின் அச்சோதனையில் தோற்கும். வரலாற்றாசிரியனுக்கோ அதுவே மெய்ச்சாட்சி. அன்றைய கண்டி வணிகன் ‘இது வெள்ளியா?’ என வினவினான். நாமோ ‘இது அக்காலத்ததா, எங்கிருந்து வந்தது?’ என வினவுகின்றோம். முதல் வினாவுக்குத் தீ விடையளித்தது; இரண்டாவதற்கு அந்நாணயம் கிடந்த மண்ணே தலையாய சான்று.

அம்மண்ணின் சான்றே இன்று எளிதில் அழிகின்றது. அரசபொறியால் அன்றி வெள்ளியால் மட்டும் மதிப்புப் பெற்ற நாணயத்தை, அதன் புழக்கம் ஒழிந்தபின் உருக்காது வைத்திருக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. எஞ்சிய புதையல்களும் பங்கிடப்பட்டுத் தனித்தனியே விலைபோகும்போது, எவ்வூரில், எக்கலத்தில், வேறெந்த நாணயங்களோடு அவை கிடந்தன என்ற செய்தி மறைந்துவிடுகின்றது. எச்.டபிள்யூ. கொட்றிங்ரன் 1924 இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இன்றும் துணைநிற்பினும், இடமறியா நாணயத்தை வைத்து எந்நூலும் வணிகப்பாதையை வரைய இயலாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம் நிலத்துட் கிடக்கும் தொல்பொருளை அரசுடைமையாக்கியுள்ளது. ஆயினும், சட்டத்தினும் முன்னதாக அங்கு நிற்பது கண்டெடுத்தவனின் கை.

அக்கை நம்முள் ஒருவருடையதாகவும் இருக்கலாம். அவ்வாறாயின், கருமை படிந்த அத்தூண்டிலைப் புளியிட்டுத் துலக்காதிருப்போமாக. தட்டாரிடம் கொடுத்து உரைகல்லில் உரைக்காதிருப்போமாக. கிடந்த இடத்தையும் ஆழத்தையும் உடனிருந்த பொருள்களையும் குறித்துக்கொண்டு, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவிப்பதே நமது கடன். வெள்ளியின் விலை நாளுக்கு நாள் ஏறலாம், இறங்கலாம். இடம்பெயர்ந்த சான்றை மீளப்பெற எவ்விலையும் போதாது.