‘சு’: ரோமிலிருந்து மட்டக்களப்புக்கு

மேசை, சாவி, ஜன்னல், அலுமாரி... போர்த்துக்கேயர் நமக்குக் குடுத்திட்டுப் போன சொற்கள் எவைன்னு கேட்டா இந்தப் பட்டியலோட நிறுத்திடுறோம். பொருள் கடல் தாண்டி வரும்போது அதன் பெயரும் கூட வருவது பெரிய அதிசயமில்லை. அந்தப் பொருள் யாருடையது என்று சொல்லும் சொல்லும் வந்திருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

லத்தீனில் ‘மேயுஸ்’ என்றால் என், ‘தூஉஸ்’ என்றால் உன், ‘சூஉஸ்’ என்றால் தன். கவனிங்க, ‘அவன்’ இல்லை, ‘தன்’. “அவன் தன் வீட்டுக்குப் போனான்” என்பதற்கும் “அவன் அவனோட வீட்டுக்குப் போனான்” என்பதற்கும் நாம் உணரும் வித்தியாசம் ரோமருக்கும் இருந்தது. வேறொருவனுடையது என்றால் அவர்களிடம் ‘ஏயுஸ்’ என்று தனிச்சொல். மகள் மொழிகளில் பல இந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிட்டன. ஸ்பானியத்தில் ஒரே ‘சு’தான் அவன், அவள், அவர்கள், நீங்கள் எல்லாருக்கும். யாருடையதுன்னு இடம் பார்த்து ஊகிக்கணும்.

போர்த்துக்கேயத்தில் அது ‘சேயு’, ‘சுவா’ என இரண்டானது. எது வரும் என்பதைத் தீர்மானிப்பது சொந்தக்காரர் இல்லை, பொருள். வீடு பெண்பால், அதனால் ஆணின் வீடும் ‘சுவா காசா’. தமிழ்க் காதுக்கு இது வேடிக்கைதான்.

1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் ஆட்சி, 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் விழுந்ததோடு முடிந்தது. மொழி முடியவில்லை. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் வீடுகளில் அது கிரியோலாக வாழ்ந்தது. 1970களில் மொழியியலாளர் இயன் ஸ்மித் மட்டக்களப்பில் அதை விரிவாக ஆராய்ந்தார்.

லிஸ்பனில் மரியாவின் வீடு ‘ஆ காசா த மரியா’. வீடு முன்னால், மரியா பின்னால். மட்டக்களப்பில் அது ‘மரியா-சு காசா’. அப்படியே நம்ம வரிசை! அந்த ‘சு’, பழைய ‘சுவா’ தேய்ந்தது. தனிச்சொல்லாக இருந்தது பெயரோடு ஒட்டி, நம்ம ஆறாம் வேற்றுமை உருபின் வேலையைப் பார்க்கிறது. ஆண்பால் பெண்பால் தொல்லையும் போச்சு. நான்காம் வேற்றுமைக்கும் இதே கதைதான்: ‘க்கு’ இருக்கவேண்டிய இடத்தில் ‘பரா’ தேய்ந்து உருபாகி நிற்கிறது. சொல் ஐரோப்பாவுடையது, இலக்கணம் தமிழோடது.

தேய்வது நமக்கும் புதுசில்லை. ‘உடை’ என்ற வினையிலிருந்து வந்த ‘உடைய’, கிழக்கிலும் வடக்கிலும் ‘என்ட’, ‘உன்ட’ என்று ஒற்றை எழுத்தாகிவிட்டது. எங்க தோட்டப் பக்கம் ‘என்னோட’. எம்பிலிப்பிட்டிய டவுனில் இறங்கினால் அதுவே ‘மகே’.

இன்று மட்டக்களப்புப் பறங்கியரின் இளைய தலைமுறையில் பலருக்கு வீட்டிலும் தமிழ்தான். பாட்டி ‘மரியா-சு காசா’ என்பதை, பேத்தி ‘மரியாட வீடு’ என்கிறாள்.